மேகத்துக்குள் இருக்கும் மலை

நேபாளத்தின் பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சிறு விமானத்தில் 20 அல்லது 25 நிமிடப் பயணம்தான். முக்திநாத் போய் வந்த நம் ஊர் யாத்ரீகர்களுக்கு இந்த வழி நன்றாகத் தெரியும். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் என்று வைணவர்கள் சேவிப்பது அந்தத் தலத்தைத்தான், திருமங்கையாழ்வார் பாடியது. மலைப்பாதையில் ஜீப்பில் நாள் முழுக்கக் குலுங்கிக்கொண்டு போகலாம், அல்லது விடியற்காலையில் விமான நிலையத்தில் போய் உட்காரலாம். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் பெரும்பாலும் விமானத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

அந்த விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் ஒரு பக்கம் அன்னபூர்ணா தெரியும்: 8,091 மீட்டர். எதிர்ப்பக்கம் தௌலாகிரி: 8,167 மீட்டர். விமானம் இவற்றுக்கு மேலே பறப்பதில்லை. இரண்டு மலைகளுக்கும் நடுவே காளி கண்டகி ஆறு அறுத்து வைத்திருக்கும் பள்ளத்துக்குள் நுழைந்து, ஆற்றின் போக்கிலேயே வளைந்து வளைந்து வடக்கே போகிறது. விமானத்தில் உட்கார்ந்துகொண்டு மலையுச்சியை அண்ணாந்து பார்க்கும் அனுபவம் உலகில் வேறு எங்கும் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

2022 மே 29, ஞாயிற்றுக்கிழமை காலை 9.55 மணிக்கு, தாரா ஏர் நிறுவனத்தின் ட்வின் ஆட்டர் விமானம் ஒன்று பொக்காராவிலிருந்து இப்படித்தான் கிளம்பியது. உள்ளே 22 பேர். 16 பேர் நேபாளிகள், 4 பேர் இந்தியர்கள், 2 பேர் ஜெர்மானியர்கள். பத்து மணி தாண்டிச் சற்று நேரத்தில் தொடர்பு அறுந்தது. அன்று முழுவதும் மேகம் விலகவில்லை. விமானியின் கைப்பேசி எங்கே இருக்கிறது என்று தொலைபேசி நிறுவனத்தின் உதவியோடு கண்டுபிடித்து, அந்தத் திசையில் தேடல் ஹெலிகாப்டரை அனுப்பினார்கள். மறுநாள் காலையில்தான் உடைந்த பாகங்கள் கண்ணில் பட்டன. முஸ்தாங் மாவட்டத்தில், ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்தில், ஒரு செங்குத்தான சரிவில் கிடந்தன. யாரும் பிழைக்கவில்லை.

விசாரணைக் குழு காரணமாகச் சொன்னது எந்திரக் கோளாறை அல்ல. தன்னையறியாமல் மேகத்துக்குள் போய்விட்ட விமானம், சரியான பாதையை விட்டு விலகி, மலையில் மோதியது என்பதே முடிவு. இதே தடத்தில் 2016 பிப்ரவரி 24 அன்று இன்னொரு ட்வின் ஆட்டர், 23 பேர். எதிர்த் திசையில், ஜோம்சோமிலிருந்து பொக்காராவுக்கு வந்துகொண்டிருந்தபோது 2002 ஆகஸ்ட் 22 அன்று மற்றொன்று, 18 பேர். மூன்றும் மோசமான வானிலையில் மலைச்சரிவில் போய் முட்டியவை.

ஓட்டிக்கொண்டிருக்கும் ஆளுக்குக் கடைசி நொடிவரை எதுவும் தவறாகத் தோன்றாமலே ஒரு விமானம் மலையில் மோதமுடியும் என்பது முதலில் நம்ப முடியாததாக இருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று பார்க்கப் போனால் மலை, காற்று, நம் காது என்று மூன்று இடங்களுக்குப் போகவேண்டியிருக்கிறது. மூன்றுமே அசரவைக்கும் விஷயங்கள்.

மலையிலிருந்து தொடங்கலாம். பொக்காராவுக்குச் சற்று மேற்கே லும்லே என்றொரு ஊர் இருக்கிறது. நேபாளத்திலேயே அதிகம் மழை பெய்யும் இடம். ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. அங்கிருந்து அன்னபூர்ணாவைத் தாண்டி வடக்கே போனால் ஜோம்சோம். அங்கே ஆண்டு மழை 300 மில்லிமீட்டர்கூடத் தேறாது. மரமில்லாத, மஞ்சளும் சாம்பலும் கலந்த வறண்ட மலைகள், திபெத்தின் வாசல். நேர்கோட்டுக் கணக்கில் இரண்டு ஊருக்கும் இடையே சில பத்து கிலோமீட்டர்தான். மிக ஈரமான ஓர் இடத்திலிருந்து ஒரு பாலைவனத்தின் ஓரத்துக்கு அந்தச் சிறு விமானம் 20 நிமிடத்தில் போய்ச் சேர்கிறது.

இந்த வேறுபாட்டை உண்டாக்குவது மலை. தெற்கேயிருந்து வரும் ஈரக்காற்றுக்கு மலை குறுக்கே நிற்கிறது. காற்று மேலேறியே ஆகவேண்டும். மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் குறையும். அதிலுள்ள நீராவி துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். ஏறும் காற்றில் அதுவும் குறையும், ஆனால் மெதுவாக, ஆயிரம் மீட்டருக்கு 2 டிகிரிபோல. ஆக, இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஒவ்வொரு 125 மீட்டருக்கும் ஒரு டிகிரி வீதம் சுருங்கிக்கொண்டே வரும். இடைவெளி தீர்ந்த இடத்தில் மேகத்தின் அடித்தளம்.

எடுத்துக்காட்டாக, பொக்காராவில் காலை வெப்பநிலை 26 டிகிரி, பனிநிலை 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 6 டிகிரி. 750 மீட்டர் ஏறினால் மேகம். பொக்காரா ஊரே கடல்மட்டத்திலிருந்து 820 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எனவே மேகத்தின் அடி சுமார் 1,570 மீட்டரில். காளி கண்டகிப் பள்ளத்தாக்குக்குள் நுழைய விமானம் கடக்கவேண்டிய கோரேபானிக் கணவாயோ 2,860 மீட்டரில் இருக்கிறது. கணவாய் முழுக்க மேகத்துக்குள்.

மலையைத் தாண்டிய காற்று மறுபக்கம் இறங்குகிறது. இறங்கும்போது அழுந்துகிறது, அழுந்தச் சூடேறுகிறது, மிச்சமிருக்கும் துளிகளும் ஆவியாகிவிடுகின்றன. ஜோம்சோமில் வானம் நீலமாகப் பளிச்சென்று இருக்கிறது. லும்லேயின் அடைமழையும் ஜோம்சோமின் நீல வானமும் ஒரே காற்று செய்த வேலை.

இந்தத் தடத்தின் ஆபத்து முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பொக்காராவில் கேட்டால் வானிலை பரவாயில்லை என்பார்கள். ஊருக்கு மேலே மேகம் உயரத்தில்தான் இருக்கும். ஜோம்சோமில் கேட்டால் நன்றாக இருக்கிறது என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. நடுவில் மலை காற்றைத் தூக்கிக்கொண்டிருக்கும் இடத்தில் நிலவரம் என்ன என்பது இருவருக்குமே தெரியாது.

மேகம் விலகட்டும், மத்தியானம் கிளம்பலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வடக்கே முஸ்தாங்கின் வறண்ட நிலம் வெயில் ஏற ஏறச் சூடாகிறது. மேலேயுள்ள காற்று விரிந்து எழும்ப, அந்த இடத்தை நிரப்பத் தெற்கேயிருந்து காற்று பாய்கிறது. பாய்வதற்கு இருக்கும் வாசல் காளி கண்டகிப் பள்ளத்தாக்கு ஒன்றுதான். முற்பகலில் தொடங்கி மாலைவரை அந்த இடுக்கில் வினாடிக்கு 15 முதல் 20 மீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது. மணிக்கு 50, 70 கிலோமீட்டர். ஆண்டில் ஏறக்குறைய எல்லா நாளும் இப்படித்தான். அங்கே மரங்கள்கூட வடக்குப் பார்த்துச் சாய்ந்து வளர்கின்றன. அந்தக் காற்று மலைமுனைகளில் முட்டிச் சுழலும்போது சிறு விமானம் தாங்காது. எனவே ஜோம்சோமின் விமானங்கள் எல்லாம் காலை வேளையிலேயே போய்த் திரும்பிவிடவேண்டும். மேகம் கலையவும் வேண்டும், காற்று கிளம்பவும் கூடாது. இரண்டுக்கும் இடையில் கிடைக்கும் சில மணி நேரத்தில் காத்திருக்கும் அத்தனை பேரையும் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். அந்த நெருக்கடி விமானியின் தோளில் எப்படி உட்கார்ந்திருக்கும் என்பதை, விமானம் ரத்து என்று அறிவித்ததும் வரிசையில் எழும் முணுமுணுப்பைக் கேட்டவர்கள் அறிவார்கள்.

இத்தனை பெரிய மலைகளுக்கு இடையே உள்ளே போய் வரக்கூடிய விமானம் ட்வின் ஆட்டர். கனடாவில் உருவாகி 1965-இல் முதன்முதலாகப் பறந்தது. 19 பயணிகள், இரண்டு டர்போப்ராப் என்ஜின்கள், மடங்காத சக்கரங்கள். குட்டையான, கரடுமுரடான ஓடுபாதையில் இறங்கி ஏறும். பயணிகள் அறைக்குள் காற்றழுத்தம் கூட்டும் வசதி கிடையாது. அருமையான எந்திரம். ஆனால் அந்தப் பள்ளத்தாக்குக்குள் அதை ஓட்டுவது கண்ணை நம்பி மட்டுமே. பெரிய விமான நிலையங்களில் மேகத்துக்குள்ளேயும் ரேடியோ அலையைப் பற்றிக்கொண்டு இறங்குவதற்குப் பாதைகள் உண்டு. இந்த இடுக்கில், மலையிலிருந்து போதுமான தூரம் விட்டு அப்படி ஒரு பாதை போட இடமில்லை. ஆறு தெரியவேண்டும், கணவாய் தெரியவேண்டும், எதிரே மலைச்சரிவு தெரியவேண்டும். நேபாளத்து விமானிகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது உண்டு: நம் நாட்டு மேகத்துக்குள் பாறை இருக்கும், அதனால் அதற்குள் போகக்கூடாது.

தெரிந்தும் எப்படி உள்ளே போய்விடுகிறார்கள்? மேகம் சுவர் எழுப்பியதுபோல ஓரிடத்தில் தொடங்குவதில்லை. முதலில் மெல்லிய மூட்டம். கீழே ஆறு மங்கலாகத் தெரிகிறது. அடுத்த வளைவு தாண்டினால் தெளிந்துவிடும் என்று நம்ப முகாந்திரம் இருக்கிறது, ஏனென்றால் நேற்றும் முந்தாநாளும் தெளிந்தது. பிறகு சட்டென்று எல்லாப் பக்கமும் வெள்ளை. இந்தக் கணத்திலிருந்து விமானி தன் உடம்போடு போராடவேண்டும்.

நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழாய்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்திருக்கின்றன. ஒன்று தலையை ஆட்டும் அசைவுக்கு, ஒன்று சாய்க்கும் அசைவுக்கு, ஒன்று திருப்பும் அசைவுக்கு. உள்ளே திரவம். அதன் குறுக்கே கொழகொழப்பான ஒரு தடுப்பு, அதற்குள் நுண்ணிய மயிரிழைகள். தண்ணீர் உள்ள செம்பைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள்: செம்பு திரும்பிவிடும், தண்ணீர் அங்கேயே நிற்கும். தலை திரும்பும்போது காதுக்குள்ளும் இதுவே நடக்கிறது. குழாய் நகர, திரவம் பின்தங்க, தடுப்பு வளைகிறது, மயிரிழைகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் நாம் திரும்புவது நமக்குத் தெரிவது இதனால்தான். ஆனால் செம்பைத் தொடர்ந்து சுழற்றிக்கொண்டே இருந்தால் தண்ணீரும் கூடவே சுழலத் தொடங்கிவிடும். காதிலும் அப்படியே. ஒரே வேகத்தில் 10, 20 வினாடி திரும்பிக்கொண்டே இருந்தால் திரவம் குழாயின் வேகத்தை எட்டிப்பிடித்துவிடுகிறது, தடுப்பு நிமிர்ந்துவிடுகிறது, நீ நேராகப் போய்க்கொண்டிருக்கிறாய் என்று காது சொல்கிறது. திரும்புவதை நிறுத்தினால் திரவம் மட்டும் முன்னே ஓட, இப்போது எதிர்ப்பக்கம் திரும்புகிறாய் என்று சொல்கிறது.

மிக மெதுவான சுழற்சியைக் காது கண்டுகொள்வதே இல்லை. வினாடிக்கு 2 டிகிரிக்குக் குறைவாக இறக்கை சாய்ந்தால் பெரும்பாலும் உணர்வே வராது. வினாடிக்கு ஒன்றரை டிகிரி வீதம் 20 வினாடி சாய்ந்தால் 30 டிகிரி. மேகத்துக்குள் விமானம் 30 டிகிரி சாய்ந்து வட்டமடித்துக்கொண்டிருக்கும். ஓட்டுகிறவர் நேராக உட்கார்ந்திருப்பதாகச் சத்தியம் செய்வார்.

புவியீர்ப்பு எந்தப் பக்கம் என்று சொல்லும் உறுப்பு தனியாக இருக்கிறது. கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்ணிய படிகங்கள் ஒரு மெத்தைமேல் படிந்திருக்கின்றன. தலை சாய்ந்தால் அவை சரிந்து மயிரிழைகளை வளைக்கும். அதுவும் இங்கே ஏமாந்துபோகிறது. சீராகத் திரும்பும் விமானத்தில் மொத்த விசையும் இருக்கையை நோக்கியே அழுத்துகிறது. 30 டிகிரி சாய்வில் உடல் எடை 15 சதவீதம் கூடியதுபோல இருக்கும், அவ்வளவுதான். 60 கிலோ ஆளுக்கு 69 கிலோ. பரபரப்பில் இருக்கும் மனம் இதைக் கவனிக்காது.

இந்தக் காது கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கடலிலும் மரத்திலும் தரையிலும் உயிர்களைச் சமநிலையில் வைத்திருந்த அற்புதமான கருவி. அதில் பிசகு ஒன்றுமில்லை. தரையிலே வாழும் உயிருக்கு ஒரே வேகத்தில் அரை நிமிடம் திரும்பிக்கொண்டே இருக்கும் அவசியம் ஏற்பட்டதில்லை. அதற்கு அளவெடுக்கத் தேவையும் இருந்ததில்லை.

1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். கருவிகளைப் பார்த்து ஓட்டிப் பழகாத 20 பேரை ஒரு சிறு விமானத்தில் பயிற்றுநரோடு ஏற்றி, வெளியே எதுவும் தெரியாதபடி செய்தார்கள். 20 பேருமே விமானத்தைக் கைநழுவவிட்டார்கள். 19 பேர் சுழன்று இறங்கும் பாதையில் சிக்கினார்கள். ஒருவர் விமானத்தின் மூக்கை அளவுக்கு மீறித் தூக்கி, இறக்கை தாங்கும் விசையை இழக்கவைத்துவிட்டார். விரைவாகத் தவறியவருக்கு 20 வினாடி. அதிகம் தாங்கியவருக்கு 480 வினாடி. சராசரி 178 வினாடி, மூன்று நிமிடம்கூட இல்லை. சுழலில் சிக்கும் விதம் கொடுமையானது. தெரியாமல் இறக்கை சாய்கிறது, சாய்ந்ததால் விமானம் இறங்கத் தொடங்குகிறது. உயரம் குறைவதைக் கருவியில் பார்க்கும் விமானி, நேராக இருக்கிறோம் என்ற நம்பிக்கையில், ஏறுவதற்காகக் கட்டுப்பாட்டுத் தண்டை இழுக்கிறார். சாய்ந்த விமானத்தில் அந்த இழுப்பு சுழலை இன்னும் இறுக்கிவிடுகிறது.

இதற்கு மருந்து நெடுநாளாகவே இருக்கிறது. 1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க் அருகே ஜிம்மி டூலிட்டில் என்ற விமானி, மூடிய விமானி அறைக்குள் உட்கார்ந்து, வெளியே ஒன்றையும் பார்க்காமல் ஏறி, சுற்றி, இறங்கிக் காட்டினார். ஸ்பெர்ரி நிறுவனத்தின் கைரோஸ்கோப்பால் இயங்கும் செயற்கைத் தொடுவானம் அவர் முன்னால் இருந்தது. இன்று ஏறக்குறைய எல்லா விமானத்திலும் அது உண்டு. தாரா ஏர் விமானிகளைப் போன்றவர்கள் அதைப் பார்த்து ஓட்டத் தெரிந்தவர்கள். ஆனால் காது கத்திக்கொண்டிருக்கும்போது கண்ணைக் கருவியில் பதித்து, உடம்பு சொல்வதைப் பொய் என்று ஒதுக்குவது எத்தனை வருட அனுபவசாலிக்கும் சுலபமல்ல. அதோடு, இறக்கையைச் சமமாக வைத்திருப்பது மட்டும் இங்கே போதாது. பள்ளத்தாக்கு வளைகிறது, நேராகப் போகும் விமானம் மலைக்குத்தான் போகும். 2016 விபத்தின் அறிக்கை, விமானிகள் திரும்பத் திரும்ப மேகத்துக்குள் நுழைய முடிவெடுத்ததையும், எங்கே இருக்கிறோம் என்ற நிதானம் தவறியதையும், திசையுணர்வு குழம்பி அதை மோசமாக்கியதையும் சேர்த்தே சொல்கிறது.

நம் நீலகிரியில் நடந்ததும் இந்த வகைதான். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய எம்.ஐ. 17 ராணுவ ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்தார்கள். மலை ரயில் தண்டவாளத்தருகே நின்றிருந்த சுற்றுலாப் பயணிகள் எடுத்த காணொளியைப் பலரும் பார்த்திருப்போம். ஹெலிகாப்டர் தெளிவாகத் தெரிகிறது, வெண்மூட்டத்துக்குள் போகிறது, மறைகிறது. எந்திரக் கோளாறு இல்லை, நாசவேலையும் இல்லை. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறியதால் மேகத்துக்குள் நுழைந்து, விமானியின் திசையுணர்வு குழம்பியதே காரணம் என்று விமானப்படையின் விசாரணை சொன்னது.

திரும்பிவிடவேண்டியதுதானே என்று கேட்கலாம். திரும்புவதற்கு இடம் வேண்டும். மணிக்கு 220 கிலோமீட்டர் வேகத்தில், 30 டிகிரி சாய்ந்து திரும்பினால் வட்டத்தின் ஆரம் கிட்டத்தட்ட 660 மீட்டர். வந்த வழியே திரும்ப 1,320 மீட்டர் அகலம் தேவை. வேகம் இரட்டித்தால் ஆரம் நான்கு மடங்காகும். இதனால்தான் மலைக்குள் பறக்கிறவர்களுக்கு வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பள்ளத்தாக்கின் நடுவில் போகாமல் ஒரு ஓரமாக ஒட்டிப் போகச் சொல்லித் தருகிறார்கள். நடுவில் போனால் திரும்பப் பாதி அகலம்தான் கிடைக்கும். உயரமும் சேர்ந்து சதி செய்கிறது. 4,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். வேகமானி அதே எண்ணைக் காட்டும்போதும் விமானம் உண்மையில் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். திரும்பும் வட்டம் ஒன்றரை மடங்கு பெரிதாகும். ஒன்றரை கிலோமீட்டர் தூரம் தெரிகிறது என்றால், முதலில் சொன்ன வேகத்தில் அது 24, 25 வினாடிகள். மலையைப் பார்த்து, இது மலை என்று புரிந்து, திரும்ப முடிவெடுத்து, கையை அசைத்து, விமானம் வளையத் தொடங்குவதற்கு எல்லாம் சேர்த்து.

டான் பேட்மேன் என்ற கனடாவில் பிறந்த பொறியாளர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்தச் சில வினாடிகளை நீட்டிப்பதற்காகவே செலவிட்டார். நாம் எல்லோரும் பறக்கும் பெரிய விமானங்களில் அவர் கைவண்ணம் இருக்கிறது. பெயர் தெரிந்தவர்கள் குறைவு. 1971-இல் அலாஸ்காவின் ஜூனோ அருகே ஒரு பயணிகள் விமானம் மலையில் மோதி 111 பேர் இறந்தார்கள். தரை நெருங்கினால் எச்சரிக்கும் தன் கருவியை பேட்மேன் ஒரு சிறு விமானத்தில் வைத்து அதே பாதையில் பறந்து பார்த்தார். எச்சரிக்கை ஒலித்தது, ஆனால் கிடைத்தது சொற்ப வினாடிகள். மேலும் திருத்தினார். 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் அருகே மேகத்துக்குள் மலையில் இன்னொரு விமானம் மோதி 92 பேர் மடிந்த பிறகு, அமெரிக்க அரசு பெரிய விமானங்களில் இந்தக் கருவியைக் கட்டாயமாக்கியது.

முதல் கருவி நேர் கீழே ரேடியோ அலையை அனுப்பித் தரை எவ்வளவு தூரத்தில் என்று பார்த்தது. தரை மெல்ல உயர்ந்து வந்தால் சரி. எதிரே செங்குத்தாகப் பாறை நின்றால் அதற்குத் தெரியாது. இதற்குத் தீர்வாக, உலகத்தின் மேடுபள்ளம் முழுவதையும் எண்களாக்கிக் கருவிக்குள் வைத்துவிடலாம் என்று பேட்மேன் நினைத்தார். விமானம் இருக்கும் இடத்தை ஜி.பி.எஸ். சொல்லும், முன்னால் என்ன வருகிறது என்று நினைவகம் சொல்லும். ஆனால் அப்படிப்பட்ட வரைபடங்கள் பல ராணுவங்களின் ரகசியமாக இருந்தன. சோவியத் ஒன்றியம் சிதறிய பிறகு அவர்கள் பல பத்தாண்டுகளாகத் தொகுத்திருந்த நிலவரைத் தரவுகள் விலைக்கு வந்தன, வாங்கிச் சேர்த்தார்கள். போருக்காக அளந்த மலைகள் இன்று விமானியின் திரையில் சிவப்பாகவும் மஞ்சளாகவும் தெரிகின்றன. இது வந்தபின் பெரிய ஜெட் விமானம் மலையில் மோதுவது மிக மிக அரிதாகிவிட்டது. 2023-இல் மறைந்த பேட்மேனைப்போல் இத்தனை உயிர்களைக் காத்த பொறியாளர் விமானத் துறையில் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதே கருவி சிறு விமானங்களிலும் வந்துவிட்டது. ஆனாலும் அங்கே அது பாதி தோற்றுப்போகிறது. 2015 ஜூன் 25 அன்று, அலாஸ்காவின் கெட்சிகன் துறைமுகத்தில் நின்ற உல்லாசக் கப்பலிலிருந்து 8 பயணிகள் ஒரு மிதவை விமானத்தில் மலைகளுக்கிடையே நீளும் கடற்கழிகளைப் பார்க்கப் போனார்கள். திரும்பும் வழியில் தாழ்ந்த மேகமும் மழையும். விமானம் மலைச்சரிவில் மோதி, விமானியோடு 9 பேரும் இறந்தார்கள். அந்த விமானத்தில் மேடுபள்ளத்தைக் காட்டும் திரை இருந்தது, எச்சரிக்கைக் கருவியும் இருந்தது. எச்சரிக்கை ஒலிக்காதபடி ஒரு சுவிட்சால் அடக்கி வைக்கப்பட்டிருந்தது. இதை அந்த விமானி ஒருவரின் அலட்சியம் என்று ஒதுக்கிவிட முடியாது என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையைப் படித்தால் புரியும். கண்ணால் பார்த்து ஓட்டும் சிறு விமானம் தரையிலிருந்து 500 அடி உயரத்தில் பறக்கச் சட்டம் அனுமதிக்கிறது. கருவியோ அந்த உயரத்திலேயே தொடர்ந்து அலறும்படி அமைக்கப்பட்டிருந்தது. நல்ல வெயிலில், மலை தெளிவாகத் தெரியும்போதும் அலறும். ஒவ்வொரு நாளும் பொய்யாகக் கத்தும் கருவியை யாரும் காதில் வாங்கமாட்டார்கள். அடக்கி வைப்பதே பழக்கமாகிவிடும். கப்பல் கிளம்பும் நேரத்துக்குள் பயணிகளைத் திருப்பிக் கொண்டுவரவேண்டும் என்ற அவசரத்தையும், மோசமான வானிலையிலும் பறப்பதைச் சகித்துக்கொண்ட நிறுவனத்தின் போக்கையும் வாரியம் கடுமையாகச் சுட்டிக்காட்டியது.

காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் எப்போதும் மலைதான். பெரிய விமானத்துக்காகச் செய்த ஒரு கருவி அங்கே என்ன சொல்லமுடியும்? மலை அருகில் இருக்கிறது என்றுதான் சொல்லும்; அது எல்லா நாளும் உண்மை. எந்த மலை இன்றைக்கு ஆபத்து என்று பிரித்துச் சொல்ல, பள்ளத்தாக்கின் வளைவை அறிந்த, இன்னும் நுணுக்கமான கருவி வேண்டும். அது வரும்வரை, மேகத்துக்குள் போனபின் காப்பாற்றுவதைவிடப் போகாமல் தடுப்பதில்தான் அதிகப் பலன்.

2022 விபத்துக்குச் சில நாட்களுக்குள் நேபாள விமானப் போக்குவரத்து ஆணையம் விதியை மாற்றியது. அதுவரை கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் வானிலை நன்றாக இருந்தால் பறக்க அனுமதி கிடைத்தது. இனி வழி முழுவதும் வானிலை சாதகமாக இருக்கவேண்டும் என்றார்கள். லும்லேயின் மழையும் ஜோம்சோமின் வெயிலும் சொல்லிக்கொண்டிருந்த விஷயம் கடைசியில் சட்டத்துக்குள் வந்தது. வரவேற்கத் தக்க மாற்றம். ஆனால் கணவாயில் இந்த நிமிடம் மேகம் இருக்கிறதா என்று யார் பார்த்துச் சொல்வது?

அலாஸ்காவில் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள், அதுவும் மலிவாக. 1990-களின் இறுதியிலிருந்து அங்குள்ள மலைக் கணவாய்களிலும் சிற்றூர் விமானத் தளங்களிலும் கம்பங்களில் கேமராக்களை வைத்து வருகிறார்கள். இப்போது அந்த மாநிலத்தில் மட்டும் 200-க்கும் மேற்பட்ட இடங்களில் இருக்கின்றன. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிய படம் இணையத்தில் ஏறும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பக்கத்திலேயே, அதே கேமரா தெளிவான வெயில் நாளில் எடுத்த படத்தையும் வைத்திருக்கிறார்கள். அதில் ஒவ்வொரு சிகரத்தின் உயரமும், அது எத்தனை மைல் தூரத்தில் இருக்கிறது என்பதும் கோடு போட்டுக் குறிக்கப்பட்டிருக்கும். விமானி கிளம்புமுன் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார். வெயில் நாளின் படத்தில் ஏழு மைலுக்கு அப்பால் ஒரு சிகரம் இருக்கிறது. இன்றைய படத்தில் அந்த இடம் சாம்பல் நிறமாக இருக்கிறது. இரண்டு மைல் தொலைவிலுள்ள மேடு மட்டும் தெரிகிறது. வானிலை அறிக்கையின் சுருக்கெழுத்தைப் படித்துக் கற்பனை செய்யவேண்டியதில்லை. கணவாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தரையில் நின்றபடி, தரைக்கென்றே அமைந்த காதும் கண்ணும் சரியாக வேலை செய்யும் இடத்திலேயே, அவர் முடிவெடுத்துவிடலாம். படம் சாம்பலாக இருந்தால் அன்று என்ஜினைக் கிளப்பவேண்டியதில்லை.